தாங்கியில் நின்ற ஒலிவாங்கியும் கைக்கு வந்த ஒலிவாங்கியும்: ஊவாத் தோட்டப்புறப் பாட்டரங்கு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

ஒரு சமூகத்தின் இசை வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பாடலையும் பாடியவரையுமே கருத்திற் கொள்வர். பாடியவர் எங்கே நின்றார், எவரை நோக்கி நின்றார், அவர் கையில் என்ன இருந்தது என்னும் வினாக்கள் அற்பமானவையாகத் தோன்றலாம். ஆயின் அரங்கு என்பது வெறும் இடமன்று. மனிதருக்கிடையேயுள்ள உறவு அங்கு ஒரு வடிவம் பெறுகின்றது. அவ்வடிவத்தை இருபதாம் நூற்றாண்டில் மாற்றியமைத்த கருவிகளுள் ஒலிவாங்கி முதன்மையானது. மைக் என எல்லோரும் வழங்கும் இக்கருவி முதலில் ஒரு தாங்கியின்மேல் அசையாது நின்றது. பின்னர்ப் பாடுவோர் கைக்கு வந்தது. இன்று கரோக்கே என்னும் பாட்டு விளையாட்டின் வழியாகப் பாடகர் அல்லாதார் கைக்கும் வந்துள்ளது.

கரோக்கே பாடுவோர்க்குத் தாங்கி சிறந்ததா, கை சிறந்ததா என்பது இன்று வசதி பற்றிய ஒரு சிறு கேள்வியாகவே பேசப்படுகின்றது. மடுல்சீமை போன்றதொரு தோட்டப்புறத்திலிருந்து நோக்குமிடத்து அது வேறொரு பொருளையும் பெறுகின்றது. ஒலிவாங்கி நின்ற இடமே யார் பாடகர், யார் கேட்போர் என்பதைப் பிரித்துக் காட்டியது. அது கைக்கு வந்தபோது அப்பிரிவு தளர்ந்தது. எனினும் கைக்கு வந்த கருவியோடு பாட்டும் கைக்கு வந்ததா என்பதே இக்கட்டுரை முடிவில் எழுப்பும் வினாவாகும்.

மடுல்சீமையும் அதன் மக்களும்

மடுல்சீமை பதுளை மாவட்டத்தின் மலைப்பகுதிகளுள் ஒன்று. பதுளையிலிருந்து பசறை வழியாக அதனை அடையலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகத் திறக்கப்பட்ட இப்பகுதி, 1869 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்த பின்னர்த் தேயிலைக்கு மாறியது. இன்று மலைமுகட்டிலுள்ள ‘சிறிய உலக முடிவு’ என்னும் செங்குத்துச் சரிவைக் காண வருவோரால் அதன் பெயர் வெளியே அறியப்படுகின்றது. பதுளைக்குப் புகையிரதம் 1924 ஆம் ஆண்டிலேயே வந்தது. மடுல்சீமைக்கோ இன்றுவரை வீதி ஒன்றே வழி. நகரத்திற் புதிதாகத் தோன்றும் ஒரு பொருள் மலைமேலுள்ள லயங்களை வந்தடையக் காலதாமதம் ஏற்பட்டமைக்கு இப்புவியியல் நிலையும் ஒரு காரணமாகும்.

தோட்டங்கள் 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் அரசுடைமையாகி, 1992 இல் மீண்டும் கம்பனிகளின் முகாமையின்கீழ் வந்தன. நிருவாகம் பலமுறை கைமாறியபோதும் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளரின் வழித்தோன்றல்களே இம்மலைகளிற் கொழுந்து பறித்து வாழ்கின்றனர். அவர்கள் தம்மோடு கொண்டுவந்தவை மிகச் சிலவே. பாட்டும் கூத்தும் அவற்றுள் அடங்கும். அவற்றைச் சுமக்கக் கை வேண்டியதில்லை.

ஒலிவாங்கி இல்லாத அரங்கு

தோட்டத்து ஒலியுலகில் முதலிடம் பெற்றது தப்பு. விடியற்காலையிற் பெரட்டுக்கு ஆளழைக்கும் தப்பொலி துரைத்தனத்தின் நேரத்தை அறிவித்தது. அதே தப்பு திருவிழாவிலும் கூத்திலும் இழவு வீட்டிலும் மக்களின் நேரத்தை அறிவித்தது. தோலைத் தீயிற் காய்ச்சி முறுக்கேற்றிய தப்பு, பெருக்கி எதனையும் வேண்டாமலே ஒரு மலைச்சரிவிலிருந்து எதிர்ச்சரிவு வரை கேட்கும் ஆற்றல் உடையது.

மலையகத்துக் கூத்துகளுள் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் முதன்மையானவை. மாசி மாதத்து வளர்பிறையிற் காமன் நாட்டப்பெற்றுத் தொடங்கும் காமன் கூத்து, ரதி மன்மதன் திருமணம், மன்மதன் சிவனின் தவத்தைக் கலைத்தல், நெற்றிக் கண்ணால் எரிக்கப்படுதல் எனப் பல இரவுகள் நீள்வது. அதற்கென ஒதுக்கப்பட்ட திறந்தவெளியே காமன் பொட்டல். மக்கள் பொட்டலைச் சூழ்ந்திருப்பர். ஆடுவோர் நடுவே சுற்றிச் சுற்றி வருவர். முன்னே ஒருவர் பாட, பின்னே பலர் வாங்கிப் பாடுவர். வாத்தியாரும் தப்புக் கலைஞரும் ஆட்டக்காரரோடு கூடவே நகர்வர். லயங்கள்தோறும் ஆடிச் செல்லும் வழக்கமும் உண்டு. ஆகவே இங்கு அரங்கிற்கு நிலையான முகப்பு என ஒன்றில்லை. பாட்டு ஒரு புள்ளியிலிருந்து புறப்படுவதன்று, வட்டமாகச் சுழல்வது.

இவ்வரங்கிற் குரல் பற்றிய இலக்கணமும் வேறாகும். வெட்டவெளியில், தப்பொலிக்கு மேலாக, இரவு முழுவதும் கேட்கவேண்டிய குரல் உச்சத்தாயியில், திறந்த தொண்டையில் எழும். இது மலையகத்திற்கு மட்டும் உரியதன்று. தமிழ் நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் பெற்ற புகழுக்கு அடிப்படையும் ஒலிவாங்கியின் துணையின்றிக் கடைசி வரிசை வரை எட்டிய அவர்களின் எடுப்பான குரலேயாகும். 1920 களின் நடுப்பகுதியிற் கொழும்பு மேடைகளில் அவ்விருவரும் பாடி நடித்தமை ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. 1930 களில் தோட்டத் தொழிலாளரிடையே கோ. நடேசய்யர் தொழிற்சங்கக் கூட்டங்களை நடத்தியபோது, அவர் துணைவியார் மீனாட்சி அம்மை பாடல்கள் பாடி மக்களைத் திரட்டினார். உரத்த குரலே அன்று பொதுவாழ்வின் கருவியாயிருந்தது.

பெண்களின் பாட்டுக்கோ அரங்கு வேறு. தாலாட்டு தொட்டிலருகிலும், ஒப்பாரி இழவு வீட்டிலும், தெம்மாங்கு கொழுந்து மலையிலும், கும்மி கோயில் முற்றத்திலும் ஒலித்தன. கூத்திற் பெண்வேடம் தாங்கியோர் ஆண்களே. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் இப்பாடல்களைத் தேடித் தொகுத்திராவிடின் அவற்றுட் பல அச்சேறாமலே மறைந்திருக்கும்.

ஒலிவாங்கி ஏன் தாங்கியில் நின்றது?

ஒலிவாங்கி தொலைபேசியின் உடன்பிறப்பு. 1870 களின் பிற்பகுதியில் உருவான கரித்துகள் ஒலிவாங்கியே அரை நூற்றாண்டுக் காலம் பெருவழக்கில் இருந்தது. 1915 இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒலிபெருக்கி பெருங்கூட்டத்தின் முன்னிலையில் இயக்கிக் காட்டப்பட்டது. 1925 ஆம் ஆண்டளவில் இசைத்தட்டுப் பதிவும் மின்முறைக்கு மாறியது. இலங்கையிலும் அதே ஆண்டு டிசம்பரிற் கொழும்பு வானொலி தன் ஒலிபரப்பைத் தொடங்கியது.

அக்காலத்து ஒலிவாங்கிகள் தாங்கியை வேண்டியமைக்குத் தக்க காரணங்கள் இருந்தன. கரித்துகள் ஒலிவாங்கி அசைக்கப்படின் துகள்கள் உராய்ந்து இரைச்சல் எழுப்பும். ஆதலின் அதனை ஒரு வளையத்தின் நடுவே விற்சுருள்களாற் கட்டித் தொங்கவிட்டனர். மின்தேக்கி ஒலிவாங்கி தனக்கென மின்வழங்கலையும் பெருக்கியையும் அருகே வேண்டியது. 1930 களில் வந்த நாடா ஒலிவாங்கியின் மெல்லிய உலோக நாடாவை நெருங்கிவரும் மூச்சே சேதப்படுத்திவிடும். இக்கருவிகள் பாடகரைத் தொட அனுமதிக்கவில்லை. பாடகரே கருவியிடம் வந்து, அது கேட்கும் தூரத்தில், அது கேட்கும் திசையில் நிற்கவேண்டியிருந்தது.

இந்நிலையிலிருந்து ஒரு புதிய மேடையொழுக்கம் பிறந்தது. இரு கைகளும் ஓய்ந்திருக்க, அல்லது ஒரு கையிற் பாட்டுப் புத்தகம் இருக்க, தாங்கியின் முன் அசையாது நின்று பாடுதல் மெல்லிசை மேடையின் மரபாயிற்று. குரலும் மாறியது. உச்சத்தாயியில் எடுத்தெறிந்து பாடவேண்டிய தேவை குறைய, தணிந்த குரலும் நுண்ணிய நெளிவும் மதிப்புப் பெற்றன. ஒலிவாங்கி மெல்லிய குரலுடையோர்க்கு வாழ்வளித்தது என்பது உண்மை. அதேவேளை கூத்துக் குரல் ‘கத்தல்’ எனப் பழிக்கப்படவும் அதுவே வழிவகுத்தது.

தோட்டத்துக்கு வந்த ஒலிபெருக்கி

தேயிலைத் தொழிற்சாலையில் எந்திரத்தை இயக்க மின்வலு இருந்த காலத்திலும் லயத்து அறைகளில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கே. ஆகவே நகரங்களிலிருந்து வாடகைக்கு வந்த ஒலிபெருக்கித் தொகுதிகள் பற்றரியையோ மின்பிறப்பாக்கியையோ நம்பியிருந்தன. கோயில் திருவிழா, திருமணம், தொழிற்சங்கக் கூட்டம் ஆகியவற்றிற்கு மரத்திற் கட்டிய புனல்வடிவ ஒலிபெருக்கியும் தாங்கியில் நிறுத்திய ஒற்றை ஒலிவாங்கியும் அடையாளங்களாயின. ஒலிபெருக்கி வந்ததென்றாலே விழா தொடங்கிவிட்டதென்பது பொருள்.

வானொலியும் இதே காலத்தில் வலுப்பெற்றது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950 இல் தொடங்க, 1960 களிற் பரவிய திரான்சிஸ்டர் வானொலி மின்சாரமில்லாத லயத்திற்கும் திரையிசையைக் கொண்டுவந்தது. கொழும்பிலிருந்து ஒலித்த தமிழ்ச் சேவை தமிழகத்திலும் பெருந்தொகையான நேயர்களைக் கொண்டிருந்தமை யாவரும் அறிந்ததே. பி. எச். அப்துல் ஹமீத் நடத்திப் புகழ்பெறச் செய்த ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சி சாதாரண நேயர்களையும் ஒலிவாங்கியின் முன் நிறுத்திப் பாடச்செய்தது. தொழில்முறைப் பாடகர் அல்லாதார் திரைப்பாடலைப் பொதுமுன்றிற் பாடும் வழக்கத்திற்கு அது ஒரு முன்னோடி எனலாம்.

ஒற்றை ஒலிவாங்கி கூத்துப் பொட்டலிற் புகுந்தபோது நேர்ந்தது யாது? வட்டத்திற்கு ஒரு முகப்பு உண்டாயிற்று. கருவி எங்கு நிறுத்தப்படுகின்றதோ அதுவே அரங்கின் முன்புறம். சுற்றிவந்து பாடவேண்டிய ஆட்டக்காரர் தம் முறை வரும்போது தாங்கியை நாடி வந்து, பாடி, விலகவேண்டியவராவார். வாங்கிப் பாடும் பின்பாட்டுக்காரரின் குரல்கள் கருவிக்கு எட்டாது மங்க, முன்பாட்டுக்காரரின் குரல் மட்டும் மலையெங்கும் ஒலிக்கும். அருச்சுனன் தபசில் இம்முரண்பாடு மிகத் தெளிவு. உயர்ந்த தபசு மரத்தில் ஏறியபடியே பாடும் அருச்சுனனோடு தரையில் நிற்கும் தாங்கி ஏற இயலாது. ஆட்டத்தை விட்டாற் பாட்டு கேட்கும். பாட்டை விட்டால் ஆட்டம் நிற்கும் என்னும் இக்கட்டு அங்கு எழுகின்றது.

வட்டம் முகப்பாக மாறிய கதை மலையகத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது மட்டக்களப்பின் வட்டக்களரியை ஒருபக்க மேடைக்கு அமைக்கவேண்டியிருந்தது. ஆயின் அங்கு அம்மாற்றத்தை அறிந்தோர் திட்டமிட்டுச் செய்தனர். தோட்டப் பொட்டலிலோ வாடகைக் கருவி அதனைத் திட்டமின்றிச் செய்தது. இரண்டிற்குமுள்ள வேறுபாடு பெரிது.

எனினும் கூத்தின் தளர்ச்சிக்கு ஒலிவாங்கியையே முழுப் பொறுப்பாக்குதல் வரலாற்று நேர்மையாகாது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள 1974 இல் உடன்பாடு காணப்பட்டது. கூத்து ஒருவரால் ஆடப்படுவதன்று. வாத்தியார் ஒரு கப்பலிலும் தப்புக் கலைஞர் மறு கப்பலிலும் செல்ல நேரின் குழு சிதறுதல் இயல்பே. மேலும், தப்படித்தல் ஒரு சாதியாரின் கடமையெனக் கட்டாயப்படுத்தப்பட்டு இழிவோடு பிணைக்கப்பட்டமையால், கல்வி பெற்ற இளந்தலைமுறை அதனைக் கையிலெடுக்கத் தயங்கியது. இத்தயக்கத்தை வெறும் நாகரிக மோகமெனப் பழித்தல் தகாது. அதனுள் தன்மான உணர்வும் அடங்கியிருந்தது. குழு தளர்ந்த இடத்தில் ஒற்றைக் குரலும் ஒற்றைத் தாங்கியும் நிலைகொண்டன எனக் கொள்வதே பொருத்தமாகும்.

கைக்கு வந்த கருவி

ஒலிவாங்கி தாங்கியிலிருந்து இறங்கியமைக்கு மூன்று தொழினுட்ப மாற்றங்கள் துணைசெய்தன. முதலாவது, 1930 களின் தொடக்கத்தில் வந்த இயங்குசுருள் ஒலிவாங்கி. இது உறுதியானது, அடி தாங்குவது, தனக்கென மின்வழங்கலை வேண்டாதது. இரண்டாவது, ஒருபக்க ஒலியை மட்டும் சிறப்பாக ஏற்கும் அமைப்பு. ஷூர் நிறுவனம் 1939 இல் வெளியிட்ட யூனிடைன் ஒலிவாங்கி இதனை ஒரே உறுப்பிற் சாத்தியமாக்கியது. பின்புறத்து ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் கருவியிற் புகுந்து ஊளையிடும் தொல்லை இதனாற் குறைந்தது. மூன்றாவது, கையின் உராய்வும் மூச்சின் வெடிப்பும் கேளாதவாறு உள்ளே அதிர்வுதாங்கியும் வெளியே பந்துவடிவக் கம்பிவலையும் அமைத்தல். 1966 இல் வந்த எஸ்.எம்.58 என்னும் கையொலிவாங்கி இவையனைத்தும் ஒருங்கிணைந்தது. உலகெங்கும் மைக் என்றதும் மனக்கண்ணில் தோன்றும் வடிவம் அதுவே.

இலங்கையில் இக்கைக்கருவிக்கு ஏற்ற இசையும் அக்காலத்திலேயே எழுந்தது. பைலா இசையின் துள்ளலும் 1970 களிற் பரவிய ஈழத்துத் தமிழ்ப் பொப் பாடல்களும் அசையாது நின்று பாடுவதற்குரியனவல்ல. ‘சின்ன மாமியே’ பாடலால் அறியப்பட்ட நித்தி கனகரத்தினமும், ‘சுராங்கனி’ பாடலைக் கடல்கடந்தும் புகழ்பெறச் செய்த ஏ. ஈ. மனோகரனும் கூட்டத்தைத் தம்மோடு சேர்ந்து பாடவைக்கும் இசையை வளர்த்தனர். ஒலிவாங்கியைக் கேட்போர் பக்கம் நீட்டுதல் இத்தகைய இசைக்கு இயல்பாகவே பொருந்துவது. தாங்கியில் நின்ற கருவியைப் பிறர் பக்கம் நீட்டுவதெங்ஙனம்?

கரோக்கேயின் வருகை

‘கரோக்கே’ என்பது யப்பானியச் சொல். ‘கர’ என்பது வெறுமை. ‘ஓக்கே’ என்பது ஓர்க்கெஸ்ட்ரா என்பதன் சுருக்கம். வாத்தியக் குழு இல்லாத வாத்திய இசை என்பது பொருள். 1960 களின் பிற்பகுதியிலேயே யப்பானில் இத்தகைய முயற்சிகள் இருந்தனவெனினும், கோபே நகரில் 1971 இல் இனோவே தைசுகே என்னும் இசைக்கலைஞர் பதினொரு பெட்டிகளை உருவாக்கி மதுச்சாலைகளுக்கு வாடகைக்கு விட்டதே இதன் பரவலுக்கு வித்திட்டது. அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. 2004 இல் அவருக்கு நகைச்சுவை கலந்த ‘இக் நோபல்’ சமாதானப் பரிசு அளிக்கப்பட்டது. மனிதர் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளப் புதுவழி காட்டினாரென்பது அதற்குக் கூறப்பட்ட காரணம்.

ஆரம்பத்திற் பெட்டியாக இருந்த கரோக்கே பின்னர்த் திரையிற் பாடல்வரிகள் ஓடும் தட்டுகளாயிற்று. இன்று கைத்தொலைபேசிக்குள் அடங்கிவிட்டது. கைத்தொலைபேசியும் சிறியதோர் ஒலிபெருக்கிப் பெட்டியும் அதனோடு வரும் கம்பியில்லாக் கையொலிவாங்கியும் இருப்பின் லயத்து வாசலும் பாட்டரங்காகும். வாத்தியக்காரருக்குப் பணம் வேண்டியதில்லை. பிள்ளைகளும் பெரியோரும் முறைவைத்துப் பாடலாம். கூத்து மேடையில் இடம்பெறாத பெண்குரலுக்கும் அக்கருவி வீட்டு வாசலிலேயே கிட்டுகின்றது. இவ்வகையில் நோக்கின், தாங்கி பிரித்துவைத்த பாடகரையும் கேட்போரையும் கை மீண்டும் ஒன்றுசேர்க்கின்றது. வாங்கிப் பாடும் பழைய மரபுக்குக் கைமாறும் ஒலிவாங்கி ஒருவகையில் நெருங்கிய உறவு.

தாங்கியா, கையா?

கரோக்கே பாடுவோரைப் பொறுத்தவரை இரு முறைகளுக்கும் தனித்தனி நயங்கள் உண்டு. திறந்தவெளியில் ஒலிமூலத்தின் தூரம் இரட்டிப்பானால் ஒலியமுக்கம் அரைவாசியாகும். தாங்கியின் முன் நிற்பவர் தலையைச் சிறிது திருப்பினாலும் குரல் தேய்வது இதனாலேயே. கையொலிவாங்கி வாயோடு கூடவே நகர்தலின் தூரம் மாறாது. நெருக்கமாகப் பிடிக்கும்போது தாழ்சுரங்கள் கனத்துக் குரலுக்கு ஒரு வெம்மை சேரும். உச்சத்தாயியிற் கருவியைச் சற்று விலக்கிக் குரலின் வேகத்தைத் தணிக்கலாம். பழகாதவர் மேடையில் ஏறும்போது கைக்கு ஒரு பற்றுக்கோடு கிடைத்தலும் சிறு நன்மையன்று.

ஆயின் கைமுறைக்குக் குறைகளும் உள. உற்சாகத்திற் கருவியின் வலையைக் கையால் மூடிப் பிடிப்பின் அதன் ஒருபக்க ஏற்பு கெட்டு ஊளை எழும். பாடாத வேளையிற் கையைத் தொங்கவிட்டு ஒலிபெருக்கியை நோக்கிக் காட்டுவோராலும் இதே தொல்லை. தாங்கி தூரத்தை நிலைப்படுத்துகின்றது. நடுக்கமுற்ற கை அதனைக் கெடுக்காது. ஒரு கையிற் பாடல்வரிகளுள்ள தொலைபேசியும் மறுகையில் தாளமுமாகப் பாட இடமளிக்கின்றது. தப்போ உடுக்கோ கையிற் கொண்டு பாடுபவருக்குத் தாங்கியைத் தவிர வேறு வழியில்லை. சுருங்கக்கூறின், பாட்டைப் பலரிடையே பகிரக் கை நன்று. கருவி வாசித்துக்கொண்டு பாடத் தாங்கி நன்று.

இவ்விறுதிக் கூற்றிலேயே கரோக்கேயின் ஒரு பண்பு வெளிப்படுகின்றது. கரோக்கேயிற் கைகளுக்கு வேலையில்லை. வாத்தியம் முன்பே பதிவாகிவிட்டது. ஆதலின் கை ஒலிவாங்கியைப் பிடிக்கும் ஓய்வைப் பெற்றது. அவ்வோய்வுக்குக் கொடுக்கப்பட்ட விலை தப்புக் கலைஞரின் இடமாகும்.

பாட்டு யாருடையது?

கரோக்கேக்கு முன்பதிவான வாத்திய இசை வேண்டும். அத்தகைய பதிவு சந்தையுள்ள பாடலுக்கே செய்யப்படும். ஆதலால் இன்று மடுல்சீமையிலோ பசறையிலோ கரோக்கே பாடுவோருக்குப் பெரும்பாலும் கிட்டுவது தமிழகத் திரைப்பாடல்களே. தோட்டத்துத் தெம்மாங்கும் கும்மியும் காமன் பாட்டும் அப்பட்டியலில் அரியன. ஒலிவாங்கி கைக்கு வந்துவிட்டது. ஆயின் அதிற் பாடக்கூடிய பாட்டு வேறோரிடத்தில் தீர்மானிக்கப்படுகின்றது. தாங்கி ஒருவரை மட்டும் பாடவிட்டது. கரோக்கே எல்லோரையும் பாடவிடுகின்றது. எல்லோரையும் ஒரே வகைப் பாட்டைப் பாடவும் வைக்கின்றது.

ஒலிபெருக்கி பற்றிய சட்டமும் ஈண்டுக் கருதத்தக்கது. 2007 இல் இலங்கை உயர் நீதிமன்றம் ஒலிமாசு பற்றிய வழக்கொன்றில், இரவு 10 மணி முதற் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி வழங்கலாகாதெனவும், சிறப்பு நிகழ்வுகளுக்கு மட்டும் அயலவர் கருத்தறிந்து விலக்களிக்கலாமெனவும் பணித்தது. அமைதியாக உறங்கும் உரிமையை இது காத்தது, அதனைக் குறைகூறுதற்கில்லை. மாலையிற் பாடி முடியும் கரோக்கேக்கு இது இடையூறன்று. விடியும்வரை ஆடவேண்டிய கூத்துக்கோ இரு வழிகளே உள: அனுமதி பெறுதல், அன்றேல் ஒலிபெருக்கியின்றி ஆடுதல். இரண்டாவது வழி கூத்துக்குப் புதியதன்று என்பது மறக்கப்படலாகாது. ஒலிவாங்கி வருமுன் தலைமுறைகள் பல அவ்வாறே ஆடின.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் சில முடிவுகள் பெறப்படும். ஒலிவாங்கி தாங்கியில் நின்றமைக்கும் கைக்கு வந்தமைக்கும் தொழினுட்பமே உடனடிக் காரணம். ஆயின் அதன் விளைவுகள் சமூகம் சார்ந்தவை. தாங்கி தோட்டத்து வட்டரங்கிற்கு முகப்பைக் கொடுத்து, பலர் பாட்டை ஒருவர் பாட்டாக்கியது. கையொலிவாங்கி பாடும் உரிமையை மீண்டும் பலருக்குப் பகிர்ந்தது. எனினும் தப்பையும் தோட்டத்துப் பாட்டையும் அது தானாக மீட்டுத்தரவில்லை.

கருவியை வெறுப்பதாற் பயனில்லை. பயன்படுத்தும் முறையை மாற்றுவதே வேண்டுவது. காமன் பாட்டுக்கும் கும்மிக்கும் தப்பும் உடுக்கும் சேர்ந்த பின்னணி இசையைத் தோட்டத்துக் கலைஞரைக் கொண்டே பதிவுசெய்தால், கரோக்கே பாடும் பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு தெரிவாகும். அப்பதிவின்போது தாங்கியைத் தப்பின் முன்னும் பின்பாட்டுக்காரர் முன்னும் நிறுத்துதல் வேண்டும்; இதுகாறும் முன்பாட்டுக்காரர் முன் மட்டுமே அது நின்றது. தப்புக் கலைஞருக்கு உரிய ஊதியமும் பெயரும் வழங்கப்படுதலும் வேண்டும். அவை இன்றேல் பழைய இழிவு புதிய பதிவிலும் தொடரும். பாட்டும் வாத்தியமும் அறிந்த முதியோர் எஞ்சியுள்ள காலத்திலேயே இப்பணி செய்யத்தக்கது. பல்கலைக்கழகங்களிற் பயிலும் மலையக மாணவர் விடுமுறைக்குத் தம் தோட்டங்களுக்குத் திரும்பும்போது, கைத்தொலைபேசி ஒன்றைக்கொண்டே இதனைத் தொடங்க இயலும்.